பாடாத ஃபைல்: தொழில் பழகும் பிள்ளைகளுக்கு

கூடுதுறைக்குப் போகிற வழியில் சின்னக் கடை என்னுடையது. 1987-இல் ரெக்கார்டிங் சென்டராகத் தொடங்கினேன். வாடிக்கைக்காரர்கள் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி வருவார்கள். அறுபதா தொண்ணூறா என்று கேட்டுக்கொண்டு, கேசட்டில் பதிந்து மறுநாள் சாயங்காலம் கொடுப்போம். கேசட் போய் சிடி வந்தது. சிடி போய் மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் வேலை வந்தது. அதுவும் ஓய்ந்த பிறகு சிஸ்டம் சர்வீஸ். ஒருவர் பதிந்த சத்தத்தை இன்னொருவர் காதுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அன்றும் இன்றும் என் பிழைப்பு.

இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட வாசகம் ஒன்று உண்டு: "போன்ல பாடுதுங்க, ஊட்டு சிஸ்டத்துல மட்டும் பாட மாட்டீங்குதுங்க." பழக வரும் பிள்ளைகள் இதைக் கேட்டதும் மவுஸைப் பிடித்துவிடுகிறார்கள். ஃபைல் தானாகக் கெட்டதைவிட, சரிசெய்யப் போனவர் கையால் அழிந்ததையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படி அழிந்ததில் ஒன்று என் கையாலும் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1. முதல் வேலை காப்பி. வந்த பென்டிரைவையோ கார்டையோ திறந்ததும், அதில் இருப்பதை இருக்கிறபடியே உங்கள் சிஸ்டத்தில் ஒரு ஃபோல்டருக்கு எடுத்துவிடுங்கள். ஃபோல்டருக்கு அன்றைய தேதியும் வந்தவர் பெயரும் வையுங்கள். சோதனை, மாற்றம் எல்லாம் அந்தக் காப்பியில் மட்டும். மூலத்தை அவர் கண் முன்னாலேயே கவரில் போட்டு மேசையறையில் வைத்துவிடுங்கள். பழக வந்த ஒரு பையன், "காப்பி எடுக்கிற நேரத்துல வேலையே முடிஞ்சிரும்ங்க" என்றான். முடியும்தான். முடியாமல் போகிற நாளுக்காகத்தான் காப்பி.

2. பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிளேயரில் நேரப் பட்டை ஓடுகிறதா, நிற்கிறதா? நொடி எண்ணிக்கை ஓடி, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் ஃபைலைத் திறந்து படித்துவிட்டது சிஸ்டம். கோளாறு அதற்குப் பின்னால், ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இருக்கிறது. பட்டையே நகராமல் ஏதோ ஆங்கிலச் செய்தி வந்தால் ஃபைலையோ பிளேயரையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மணிக்கணக்காக உழைத்தவர்களை நான் அறிவேன்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. சிஸ்டத்தில் சவுண்ட் டிவைஸே இல்லாவிட்டால், அதாவது டிரைவர் போயிருந்தாலோ விண்டோஸ் ஆடியோ என்ற சர்வீஸ் நின்றிருந்தாலோ, சில பிளேயர்கள் பட்டையை ஓட்டவே மறுக்கும். அப்போது நல்ல ஃபைல்கூடக் கெட்டதுபோலத் தெரியும். அதனால் அடுத்ததைச் செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள்.

3. பாவா, ஊடையா என்று பாருங்கள். நம் ஊர் ஜமுக்காளத் தறியைப் பார்த்திருப்பீர்கள். அகலமான குழித்தறியில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து நாடாவை மாற்றி மாற்றித் தள்ளுவார்கள். நூல் அறுந்தால் கண்ட இடத்தில் முடிச்சுப் போட மாட்டார்கள். அறுந்தது பாவு நூலா ஊடை நூலா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். என் அப்பா தறியில் உட்கார்ந்தவர். இந்தப் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது.

நம் வேலையில் இது இரண்டு சோதனை. பாடாத ஃபைலை இன்னொரு சிஸ்டத்தில் போட்டுப் பாருங்கள். நன்றாகப் பாடும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு ஃபைலை அந்த வீட்டுச் சிஸ்டத்தில் போட்டுப் பாருங்கள். தெரிந்த ஃபைலும் அங்கே பாடவில்லை என்றால் சிஸ்டத்தில் கோளாறு. தெரிந்தது பாடி, வந்தது மட்டும் எங்கேயுமே பாடவில்லை என்றால் ஃபைலில் கோளாறு. வந்தது வேறு எங்கும் பாடி, தெரிந்தது இங்கே பாடி, இந்த ஃபைல் இந்தச் சிஸ்டத்தில் மட்டும் பாடவில்லை என்றால் இரண்டும் நல்லவைதான், ஒன்றின் மொழி மற்றதற்குத் தெரியவில்லை. மூன்றாவதுதான் நம்மிடம் அதிகம் வருவது.

இதற்கென்று ஒரு சோதனைப் பென்டிரைவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலிலேயே "இடது, வலது, ஒன்று, இரண்டு" என்று அரை நிமிடம் பதிந்து, அதை வேவ், எம்பி3, எம்4ஏ, டபிள்யூஎம்ஏ, ஃபிளாக், ஓபஸ், ஏஎம்ஆர் என்று ஏழு வகையிலும் சேமியுங்கள். சொருகி ஒவ்வொன்றாகத் தட்டினால் எந்த மொழி அந்தச் சிஸ்டத்துக்குத் தெரியாது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். என் மேசையில் ஸ்குரூடிரைவருக்குப் பக்கத்தில் இது எப்போதும் இருக்கும்.

4. சத்தம் போகும் வழி. டிவியையோ புது மானிட்டரையோ எச்டிஎம்ஐ வயரில் மாட்டியதும் விண்டோஸ் சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது. ஊமையாகிவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கீழே மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி எந்த டிவைஸ் என்று பாருங்கள். பழைய ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று பீரோவுக்குள் இருந்துகொண்டு சத்தத்தை வாங்கிக்கொண்டிருக்கும், அதுவும் உண்டு. வால்யூம் மிக்ஸரில் அந்த ஒரு பிளேயர் மட்டும் மியூட்டில் இருக்கலாம். டெஸ்க்டாப் என்றால் பின்னால் பச்சைத் துளையில் ஸ்பீக்கர் பின் இருக்கிறதா, இளஞ்சிவப்பு மைக் துளைக்கு மாறிவிட்டதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

5. குரல் மட்டும் காணாமல் போனால். இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். எந்தக் கடையிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

"பாட்டுல மேளம் கேக்குதுங்க, பாடறவங்க கொரலு மட்டும் இல்லீங்க" என்று ஒரு அம்மிணி ஹெட்போனோடு வந்தார். ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை. தரைக் கம்பி தொடாமல் இடமும் வலமும் மட்டும் தொட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் விழும். சினிமாப் பாட்டில் குரலை நடுவில் வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் அது ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகும். ஜாக்கை அழுத்தியதும் குரல் வந்துவிட்டது.

இதையே தலைகீழாகவும் பார்த்திருக்கிறேன். கோயில் விழாவில் மைக் செட்டின் மிக்ஸரிலிருந்து நேராக லேப்டாப்புக்கு வயர் போட்டுப் பதிந்திருந்தார்கள். ஹெட்போனில் கேட்டால் நன்றாக இருந்தது. போனின் ஒற்றை ஸ்பீக்கரிலும், வீட்டிலிருந்த ஒரு சிஸ்டத்திலும் கிணற்றுக்குள் பேசுவதுபோல இருந்தது, பாதி இடத்தில் ஒன்றுமே இல்லை. மிக்ஸரின் பேலன்ஸ்டு வெளியீட்டை ஸ்டீரியோ துளையில் சொருகியதால் இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் பதிவாகியிருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டும் கருவி எதுவாக இருந்தாலும் அதில் குரல் அழிந்துவிடும். அந்த வீட்டுச் சிஸ்டத்தில் மோனோ ஆடியோ என்ற தேர்வு யாரோ போட்டு வைத்தபடி இருந்தது. மருந்து எளிது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மோனோவாகச் சேமித்தால் போதும். சத்தம் முழுதாகத் திரும்பி வந்தபோது அந்தக் கோயில் பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். நான் வயரை மட்டுமே புரிந்துகொண்டேன், வேறு எதுவும் செய்யவில்லை.

6. அளவைப் படியுங்கள். ஃபைலைத் திறப்பதற்கு முன் அது எத்தனை எம்பி என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். சிடி தரத்தில் வேவ் ஃபைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 1 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய போன்களின் ஏஎம்ஆர் நிமிடத்துக்கு 100 கேபிகூட வராது. இந்த மூன்று கணக்கும் மனதில் இருந்தால் பாதி நோயைப் பார்வையிலேயே சொல்லிவிடலாம். ஐந்து நிமிடப் பாட்டு எம்பி3-யில் 300 கேபி இருந்தால் காப்பி பாதியில் நின்றிருக்கிறது. 0 பைட் என்றால் பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

கல்யாண சிடியிலிருந்து பாட்டை எடுத்துவிட்டேன் என்று பென்டிரைவ் கொண்டுவருவார்கள். பார்த்தால் 'டிராக் 01', 'டிராக் 02' என்று சிடிஏ ஃபைல்கள், ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். அதில் பாட்டு இல்லை. சிடியில் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. சிடி உள்ளே இருக்கும்வரை அந்த வீட்டுச் சிஸ்டத்தில் பாடியிருக்கும், அதனால் அவர் சொல்வதும் பொய்யில்லை. சிடியை வாங்கி, ரிப் செய்து கொடுங்கள். பிளேலிஸ்ட் ஃபைலும் ஷார்ட்கட்டும் இதே கதைதான்: வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கி வந்துவிட்டு ஊரைக் காணோம் என்கிறார்கள். ஆடாசிட்டியின் பழைய ஏயூபி ஃபைலும் அப்படியே. பக்கத்தில் இருக்கும் டேட்டா ஃபோல்டரையும் சேர்த்து எடுத்தால்தான் சத்தம் வரும். 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்துதான் எல்லாம் ஒரே ஃபைலாயிற்று.

ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது இன்னும் அந்தச் சிஸ்டத்துக்கு இறங்கவே இல்லை. நெட் இருக்கும் இடத்தில் பாடும், இல்லாத இடத்தில் பாடாது.

7. பெயரை மாற்றிப் பார்க்காதீர்கள். பெருந்துறைப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அப்பாரு 2009-இல் நோக்கியா போனில் பாடிப் பேசிய பதிவு. அவர் இறந்து பல வருடமாகிவிட்டது. பழைய போனில் பாடிக்கொண்டிருந்ததை மெமரி கார்டு வழியாகச் சிஸ்டத்துக்குக் கொண்டுவந்தால் திறக்கவில்லை. முதலில் போன இடத்தில் யாரோ ஏஎம்ஆர் என்ற வாலை வெட்டி எம்பி3 என்று பெயர் மாற்றியிருக்கிறார். பாடவில்லை. கன்வர்ட்டர் ஒன்றில் போட்டிருக்கிறார். அது வெறும் இரைச்சலாக ஒன்றை எழுதித் தந்திருக்கிறது. "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்லவேளை, போனிலிருந்த கார்டில் மூலம் அப்படியே இருந்தது.

பெயரின் வால் ஒரு சீட்டு மட்டுமே. டப்பாவின் மேல் சர்க்கரை என்று எழுதினால் உள்ளே இருக்கும் உப்பு சர்க்கரையாகாது. உண்மையான அடையாளம் ஃபைலின் முதல் சில பைட்டுகளில் இருக்கிறது. நோட்பேடில் காப்பியைத் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள், சேமிக்காமல் மூடிவிடுங்கள். வேவ் என்றால் ஆங்கிலத்தில் 'ரிஃப்' என்ற நான்கு எழுத்தில் தொடங்கும். ஓபஸ் வாய்ஸ் மெசேஜ் 'ஓக்' என்று தொடங்கும். ஃபிளாக் தன் பெயரிலேயே தொடங்கும். பழைய நோக்கியாப் பதிவில் ஏஎம்ஆர் என்று எழுதியே இருக்கும். முதல் வரியில் 'எச்டிஎம்எல்' என்று இருந்தால் இறங்கியது பாட்டே இல்லை, ஏதோ இணையப் பக்கம்.

அந்த அப்பாரு பதிவு 11 நிமிடம். 1 எம்பியைச் சுற்றித்தான் அளவு. விஎல்சி பிளேயரில் போட்டதும் பாடியது. ஏஎம்ஆர் நொடிக்கு 8,000 மாதிரி எடுக்கும் வகை. பேச்சுக்காகச் செய்தது, அதனால் பாட்டு கொஞ்சம் மூக்கடைத்ததுபோல இருக்கும். மூலத்தை அப்படியே வைத்து, வேவாக ஒன்றும் எம்பி3-யாக ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். தம்பிக்காரர் கடை வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு முறை கேட்டார்.

8. கோடெக் மூட்டைகளை ஏற்றாதீர்கள். நெட்டில் தேடினால் இலவச கோடெக் என்று ஆயிரம் கிடைக்கும், பாதியில் வைரஸ் இருக்கும். விஎல்சி போதும். 1996-இல் பாரிஸ் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2001-இலிருந்து எல்லோருக்கும் திறந்த மென்பொருளாக இருக்கிறது. கோடெக்கெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

எந்த விண்டோஸ் என்றும் பாருங்கள். எக்ஸ்பியின் பிளேயருக்கு எம்4ஏ தெரியாது, விண்டோஸ் 7-இல்தான் அது தானாக வந்தது. ஓபஸ் வகை 2012-இல்தான் தரமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் வந்த சிஸ்டம் வாட்ஸ்அப் குரல் செய்தியைப் பார்த்து விழிப்பது அதன் குற்றமா? பதிப்பின் பெயருக்குப் பின்னால் 'என்' என்ற ஓர் எழுத்து இருந்தால் கவனம். 2004-இல் ஐரோப்பிய ஆணையம் போட்ட உத்தரவால் மீடியா பிளேயரை எடுத்துவிட்டு விற்கும் பதிப்பு அது. நம் ஊருக்கும் எப்படியோ வந்து சேர்கிறது. மைக்ரோசாஃப்டின் மீடியா ஃபீச்சர் பேக்கை இலவசமாக ஏற்றினால் சரியாகும்.

9. தமிழ்ப் பெயர். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைப்பது நல்ல பழக்கம், நானும் வைக்கிறேன். ஆனால் பழைய பிளேயர்களும் கார் ஸ்டீரியோக்களும் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ பார்த்துவிட்டுத் திறக்க மறுக்கும். காப்பிக்கு 01, 02 என்று பெயர் வைத்துப் பாருங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று பத்து அடுக்கு போனாலும் இதே தொல்லை. மொத்தப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் பல மென்பொருள்கள் திணறும். டெஸ்க்டாப்புக்கு இழுத்து வைத்தால் பாடும்.

10. முடியாத பதிவு. என் கையால் போனது இதுதான்.

2012-இல் மின்வெட்டு கடுமையாக இருந்த காலம். அந்தியூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் உடுக்கையடித்து அண்ணன்மார் சாமி கதை பாடினார்கள். மைக் செட்டோடு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லேப்டாப்பில் வேவாகப் பதிந்துகொண்டிருந்தேன். விடியும் முன் ஜெனரேட்டர் நின்றது. லேப்டாப்பின் பேட்டரியும் பழசு, சேர்ந்து நின்றுவிட்டது. காலையில் திறந்தால் பிளேயர் 0:00 என்று காட்டியது. இன்னொரு பிளேயரிலும் அதே. பதிவாகவில்லை என்று முடிவு கட்டி, மறுநாள் இரவுக்கு இடம் வேண்டும் என்று அழித்துவிட்டேன். அழிக்கும்போது அதன் அளவு 3 ஜிபிக்கு மேல் இருந்ததை என் கண் பார்த்தது. புத்தி படிக்கவில்லை. 3 ஜிபி என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரச் சத்தம் உள்ளே இருந்திருக்கிறது.

வேவ் ஃபைலின் தலையில் மொத்த நீளம் எழுதப்பட்டிருக்கும். பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் அந்த எண்ணை எழுதும். கரண்ட் போனால் எண் பூஜ்யமாகவே நிற்கும். பிளேயர் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் காலி என்று சொல்லிவிடும். ஆடாசிட்டியில் இம்போர்ட் பகுதியில் 'ரா டேட்டா' என்று ஒரு வழி இருக்கிறது. 16 பிட், இரண்டு சேனல், 44,100 என்று பதிந்தபோது இருந்த அளவைக் கொடுத்து, தலைப்பகுதியான 44 பைட்டைத் தாண்டிப் படிக்கச் சொன்னால் சத்தம் அப்படியே எழுந்து வரும். இதை நான் கற்றுக்கொண்டபோது ஐந்து வருடம் கடந்திருந்தது. அந்தப் பாட்டுக்காரர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் போட்ட மெட்டில் அந்தக் கதையைப் பாடுகிறவர் அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை.

போனில் பதியும் எம்4ஏ இன்னும் நொய்மையானது. எந்தச் சத்தம் ஃபைலில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் நின்றால் அட்டவணையே இருக்காது. அதே போனில், அதே அமைப்பில் பதிந்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாக வைத்து மீட்கும் மென்பொருள்கள் உண்டு, அன்ட்ரங்க் என்பது அதில் ஒன்று. அதனால் வாடிக்கைக்காரரிடம் போனையும் கேளுங்கள். எம்பி3 இந்த விஷயத்தில் கெட்டி. 26 மில்லி நொடிக்கு ஒரு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தலையோடு இருப்பதால் பாதி ஃபைல் பாதிப் பாட்டைப் பாடிவிடும்.

இரவு முழுக்கப் பதிகிறவர்களுக்கு இன்னொன்று. ஃபேட்32 கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, சாதாரண வேவும் தாண்டாது. சிடி தர ஸ்டீரியோவில் அது 6 மணி 45 நிமிடம். பத்து மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்கு முன்னால் முடிந்துவிடும். கதையில் உச்சம் வருகிற நேரம் அது. மணிக்கு ஒரு முறை நிறுத்தி, புது ஃபைல் தொடங்குங்கள்.

11. பென்டிரைவ் நோய்கள். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, தட்டினால் ஒன்றும் வரவில்லை என்றால் வைரஸ் மூல ஃபைல்களை மறைத்து வைத்திருக்கிறது. அழியவில்லை. மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும் தேர்வைப் போட்டு எடுத்து, பிறகு வைரஸைச் சுத்தம் செய்யுங்கள். மலிவாக 1 டிபி என்று விற்கும் போலிப் பென்டிரைவில் உண்மை இடம் 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். அதற்கு மேல் காப்பி செய்தது எல்லாம் பெயராக மட்டும் தெரியும். அந்தப் பென்டிரைவில் மூலத்தை வைத்திருந்தால் மீட்க வழி கிடையாது. புதுசு வாங்கினால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைப் போட்டுச் சோதியுங்கள்.

2022 ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது நனைந்த பென்டிரைவ்களும் கேசட்டுகளும் வந்தன. நனைந்ததைச் சொருகவே கூடாது. நன்றாக உலர்த்தி, சேற்றைத் துடைத்து, சில நாள் பொறுத்துத்தான் மின்சாரம் காட்ட வேண்டும்.

12. "ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுரலாம்" என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். ஒரு பாட்டு பாடாததற்கு வீட்டையே காலி செய்யச் சொல்வது அது.

13. திறக்க முடியாததும் உண்டு. பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடியை ரிப் செய்யும்போது காப்பி புரொடெக்ட் என்ற கட்டத்தில் டிக் இருந்திருந்தால், அந்த டபிள்யூஎம்ஏ ஃபைல் அந்த ஒரு சிஸ்டத்தின் உரிமத்தோடு கட்டப்பட்டிருக்கும். வேறு எங்கும் பாடாது. பழைய சிஸ்டம் உயிரோடிருந்தால் அங்கேயே பாடவிட்டுப் பதிந்து எடுக்கலாம். இல்லையென்றால் சிடியைத் தேடச் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்று நேராகச் சொல்லி, காசு வாங்காமல் அனுப்புங்கள்.

14. குரல் அவர்களுடையது. பிறர் வீட்டுப் பதிவைப் பாடுகிறதா என்று பார்க்கும் அளவுக்கு மட்டும் கேளுங்கள். கடையில் உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். வேலை முடிந்தால், "ஒரு காப்பி எங்ககிட்ட இருக்கட்டுங்களா, அழிச்சிரட்டுங்களா?" என்று கேட்டு, சொன்னபடி செய்யுங்கள். ஒரு நோட்டில் என்ன வகை, என்ன அளவு, எந்தச் சிஸ்டத்தில் பாடவில்லை, எதனால் சரியானது என்று நான்கு வரி எழுதுங்கள். என்னிடம் அப்படி ஒன்பது நோட்டு இருக்கிறது. எந்த நேரமும் எடுத்துப் பார்க்கலாம்.

15. வந்தவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: "ஊட்டுல இன்னும் பழைய கேசட்டு, பழைய போனு ஏதாச்சும் இருக்குதுங்களா?" 1965-இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் டேப்பில் பதிந்தார். அதை வைத்து அவர் எழுதிய புத்தகம் 1982-இல் வந்தது. அவர் அன்று பதிந்ததால்தான் அந்தப் பாட்டுக்காரர்கள் பாடிய விதம் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. மற்ற ஊர்களில் பாடியவர்களின் குரல் இருந்தால், அது நம் வீட்டுப் பரண்களில்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. பாடாத ஃபைல் எது கிடைத்தாலும் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். மூலத்தை மட்டும் அழித்துவிடாமல் கொண்டுவாருங்கள்.